மருந்து விலை பார்க்கும் அரசு ஆப்: போனில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் என்று மாதாமாதம் மாத்திரை வாங்குகிற ஆள் வீட்டில் ஒருவர் இருந்தாலே போதும், 'பார்மா சஹி தாம்' என்கிற இந்த ஆப் போனில் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். காசு கிடையாது, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. முக்கியமாக, இதை நடத்துபவர்கள் மருந்து விற்பவர்கள் இல்லை, அதனால் எந்த மாத்திரையையும் நம் தலையில் கட்டப் பார்ப்பதில்லை. 1997-லிருந்து நாட்டில் மருந்து விலையைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிற தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ஆப் இது. 2016-ல் முதல் முறை வந்தது, 2022 ஆகஸ்டில் ஆணையத்தின் வெள்ளி விழாவின்போது 2.0 என்று புதுப்பித்து விட்டார்கள். ஆனால் இதை மட்டும் நம்பி மெடிக்கலுக்குப் போனால் பாதி விஷயம்தான் கையில் இருக்கும். விலை தெரியும். அந்த மருந்து தரமானதா என்பது தெரியாது. விலை தெரிந்த பிறகு அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பதும் தனிக் கதை. இந்த விமர்சனத்தில் ஆப்பைவிட அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆப் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அட்டையில் இருக்கும் பிராண்ட் பெயரை அடித்தால் அதில் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, எந்தக் கம்பெனி, என்ன விலை என்று காட்டுகிறது. அரசு உச்சவரம்பு விலை வைத்திருக்கிற மருந்து என்றால் அதையும் பார்க்கலாம். அப்புறம் இதே கூட்டுப்பொருள் உள்ள மற்ற கம்பெனி மாத்திரைகளின் பட்டியல். எனக்கு இந்த ஆப்பின் உயிரே இந்தக் கடைசி விஷயம்தான். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு டெல்மிசார்டனும் ஆம்லோடிபினும் சேர்ந்த பிரஷர் மாத்திரை போகிறது. அதே இரண்டு மருந்து, அதே அளவு, எத்தனை கம்பெனிப் பெயரில் விற்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். டாக்டர் சீட்டில் எழுதியது அந்தக் கூட்டத்தில் மேலே நிற்கிறதா, நடுவில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டாலே அடுத்த முறை டாக்டரிடம் பேச விஷயம் கிடைத்துவிடும்.

தேடும்போது ஒன்றில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்: பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி எழுத்துகள். ஏ.எம். என்றால் பெரும்பாலும் ஆம்லோடிபின் சேர்ந்தது, எச். என்றால் நீர் பிரியும் மருந்து சேர்ந்தது, எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றால் மெதுவாகக் கரைவது. பிராண்ட் பெயர் ஒன்றுதான், எழுத்து ஒன்று மாறினால் மருந்தே வேறு. மெட்பார்மின் சாதாரண மாத்திரையும் எஸ்.ஆர். மாத்திரையும் மில்லிகிராமில் ஒன்றாக இருக்கும், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது. அதே மாதிரி அட்டைக்கு எத்தனை மாத்திரை என்பதும். ஒரு கம்பெனி 10 போடும், இன்னொன்று 15 போடும். அட்டை விலையை அட்டை விலையோடு ஒப்பிட்டால் 15 மாத்திரை அட்டை எப்போதும் கொள்ளை விலை மாதிரித் தெரியும். ஒரு மாத்திரைக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். சொல்லப்போனால் அரசாங்கம் உச்சவரம்பு அறிவிப்பதே ஒரு மாத்திரைக்கு, ஒரு கேப்ஸ்யூலுக்கு, ஒரு மில்லிக்கு என்றுதான்.

அந்த உச்சவரம்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஆப்பில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். 2013-ஆம் வருட மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் 1 சதவீதமாவது பங்கு வைத்திருக்கிற பிராண்டுகள் எல்லாம் கடைக்காரருக்கு என்ன விலையில் போகின்றன என்று பார்த்துச் சராசரி எடுப்பார்கள், அதோடு கடைக்காரர் லாபம் 16 சதவீதம் சேர்ப்பார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஜிஎஸ்டி. கவனியுங்கள், அந்த மருந்தைச் செய்ய எவ்வளவு செலவாகிறது என்கிற கேள்வியே இதில் கிடையாது. 1995 ஆணையில் உற்பத்திச் செலவைப் பார்த்துத்தான் விலை வைத்தார்கள், 2013-ல் அதை மாற்றிவிட்டார்கள். சந்தையில் பெரிய கம்பெனிகள் எல்லாம் விலையை உயர்த்தி வைத்திருந்தால் சராசரியும் உயரத்தான் செய்யும். அதனால் ஆப்பில் 'உச்சவரம்புக்குள்தான் இருக்கிறது' என்று தெரிந்தால் அது சட்டப்படி சரி என்று மட்டும்தான் அர்த்தம், மலிவு என்று இல்லை. இதுபோக ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்தவிலைக் குறியீட்டின்படி உச்சவரம்பு ஏறும். 2022-ல் 10.77 சதவீதமும் 2023-ல் 12.12 சதவீதமும் ஏறியது, 2024-ல் 0.00551 சதவீதம், அதாவது ஒன்றுமே இல்லை. கம்பெனிகள் ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைத்த அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டு மெடிக்கல் பில்லைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்னொன்று, உச்சவரம்பு எல்லா மருந்துக்கும் கிடையாது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்குத்தான். 2022-ல் வந்த பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. பட்டியலுக்கு வெளியே இருப்பதற்குப் பெரும்பாலும் கம்பெனியே முதல் விலையை வைக்கும், பிறகு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. இப்போது டாக்டர்கள் எழுதும் சுகர், பிரஷர் மாத்திரைகளில் இரண்டு மருந்து, மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள்தான் அதிகம், அவற்றில் பெரும்பாலானவை பட்டியலுக்கு வெளியே. அதற்கெல்லாம் ஆப்பில் ஒப்பிட உச்சவரம்பு என்று ஒன்று இருக்காது, மற்ற கம்பெனி விலைகள்தான் இருக்கும். இருந்தாலும் அந்தப் பட்டியலே உபயோகம்தான்.

மொழி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 2022-ல் புதுப்பித்தபோது பெருமையாகச் சொன்ன வசதிகளில் ஒன்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும் என்பது. இன்னொன்று பேசினாலே தேடும் என்பது. தமிழ் இல்லை, தெலுங்கு இல்லை, வங்காளம் இல்லை. சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு ஆங்கிலம் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாத்திரைக்கு மாதம் 2,000 ரூபாய் எடுத்து வைக்கக் கஷ்டப்படுகிறவர் யார்? துறையூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் திருச்சிக்கு வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு விவசாயி. அவருக்கு விலை தெரிய வேண்டும் என்றுதானே இந்த ஆப். என் அம்மா தமிழில் வாட்ஸ்அப் பார்க்கிறாள், யூடியூப் பார்க்கிறாள், பால்காரருக்கு ஜிபே போடுகிறாள், இதை மட்டும் "நீயே பாத்துச் சொல்லுடா" என்கிறாள். மருந்துப் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை விடுங்கள், மற்ற பட்டன்களையும் 'உங்கள் மாத்திரை விலை உச்சவரம்பைத் தாண்டியிருக்கிறது' என்கிற ஒரு வரியையும் தமிழில் போட எத்தனை நாள் வேலை?

சரி, ஆப்பைப் பார்த்தாயிற்று, மலிவான மாத்திரை எது என்று தெரிந்துவிட்டது. இனிக் கடைக்கு வாருங்கள்.

"அண்ணே, இது வேண்டாம், இதே கூட்டுப்பொருள்ல இந்தக் கம்பெனி இருக்கா?" என்று போனை நீட்டினேன்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது நம்ம ஏரியாவுக்கு வர்றதே இல்ல தம்பி. வேணும்னா வேற கம்பெனி ஒண்ணு தர்றேன், எல்லாம் ஒண்ணுதான்."

"அது எவ்வளவு?"

"எம்.ஆர்.பி. கொஞ்சம் கூட. ஆனா உங்களுக்குக் கொறச்சுப் போட்டுடறேன்."

இந்த நாலு வரியில் இருக்கிற சிக்கல்களை எழுத நாலு பக்கம் வேண்டும். முதலில், ஆப் காட்டும் பட்டியல் நாடு முழுக்க இருக்கிற கம்பெனிகளுக்கானது. உங்கள் ஊர் மெடிக்கலில் எது இருக்கும் என்பது அந்த வட்டார ஸ்டாக்கிஸ்ட், அதாவது மொத்த வியாபாரி, எதை எடுக்கிறார், பக்கத்து டாக்டர் எதை எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. அதற்கு ஆப்பில் விடை இல்லை. இரண்டாவது, சட்டப்படி பார்த்தால் கடைக்காரர் அப்படி மாற்றித் தரவே முடியாது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்கிற ஷெட்யூல் எச் மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக அதே மருந்து உள்ள வேறு பிராண்டைக்கூடக் கொடுக்கக் கூடாது என்பது மருந்து விதிகளில் இருக்கிறது. தினமும் எல்லாக் கடையிலும் நடப்பது வேறு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு அரசு அமைப்பு 'இதோ மலிவானது' என்று காட்டுகிறது, இன்னொரு அரசு விதி 'மாற்றாதே' என்கிறது, நடுவில் நாம் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். அப்படியானால் டாக்டர்தான் மருந்தின் மூலப் பெயரை, அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, எழுத வேண்டும். மூலப் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது, டாக்டர்கள் சங்கங்கள் எதிர்த்தன, அதே மாதத்திலேயே அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தரத்துக்கு உத்தரவாதம் இல்லாமல் மூலப் பெயரை எழுதினால் எந்தக் கம்பெனி மாத்திரை என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார் என்பது அவர்கள் வாதம். எரிச்சலாக இருந்தாலும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஏன் நியாயம் இருக்கிறது என்றால், அந்த மூன்றாவது சிக்கல். "எம்.ஆர்.பி. கூட, ஆனா கொறச்சுப் போட்டுடறேன்" என்றாரே, அதுதான். டாக்டர்களிடம் கம்பெனிப் பிரதிநிதிகளை அனுப்பி விளம்பரப்படுத்தாமல், நேராகக் கடைக்காரரிடம் தள்ளப்படும் மாத்திரைகள் என்று ஒரு ரகம் இருக்கிறது. அட்டையில் அடித்திருக்கும் விலை பெரிய பிராண்டுக்குப் பக்கத்தில் இருக்கும், கடைக்காரருக்கு விழும் விலையோ அதில் மிகச் சிறிய பங்கு. நடுவில் இருக்கும் இடைவெளி முழுக்க அவர் கையில். அதிலிருந்து 20 சதவீதம், 30 சதவீதம் தள்ளுபடி போட்டுக் கொடுத்தாலும் அவருக்கு நல்ல லாபம், நமக்கும் சந்தோஷம். கடை வாசலில் 'அனைத்து மருந்துகளுக்கும் 20% தள்ளுபடி' என்று போர்டு வைப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உச்சவரம்புள்ள பிராண்டட் மருந்தில் கடைக்காரர் லாபமே 16 சதவீதம், மற்றதில் வழக்கமாக 20. அப்படியிருக்க 20 சதவீதத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். கம்பெனி ஆஃபரிலிருந்து வரலாம், மொத்தமாக வாங்குவதால் வரலாம், இந்த ரக மாத்திரைகளிலிருந்தும் வரலாம். ஆப் காட்டுவது அச்சடித்த விலையை மட்டும்தான் என்பதால் இந்த விளையாட்டு எதுவும் அதன் கண்ணில் படாது. எம்.ஆர்.பி. மீறப்படவில்லை, புகாருக்கு இடமில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், விலைப்பட்டியலை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு மருந்துக் கடைக்கும் அந்த 2013 ஆணையிலேயே இருக்கிறது. நான் போகிற கடைகளில் பிள்ளையார் படம் பார்த்திருக்கிறேன், லைசென்ஸ் ஃபிரேம் பார்த்திருக்கிறேன், 'விற்ற மருந்து வாபஸ் இல்லை' பார்த்திருக்கிறேன். விலைப்பட்டியலை மட்டும் பார்த்ததே இல்லை. அட்டையை வெட்டி நாலு மாத்திரை மட்டும் வாங்கினாலும் அந்த விகிதப்படிதான் விலை வாங்க வேண்டும் என்பதும் அதே ஆணைதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது அட்டையில் பழைய விலையே இருந்தது, குறைத்துத்தான் விற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அச்சடித்த விலையைக் காட்டி "இதுதான் சார் போட்டிருக்கு" என்று சொன்ன கடையும் உண்டு, கேட்காமலே குறைத்துக் கொடுத்த கடையும் உண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் அரசின் ஆப் ஒன்று கையில் இருந்தால் பேசத் தெம்பு வருகிறது, அதை மறுக்க மாட்டேன்.

இப்போது தரம். இங்கேதான் ஆப் கையை விரித்துவிடுகிறது.

மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரமற்ற மருந்துகள் பட்டியல் ஒன்று வெளியிடுகிறது. மருந்துப் பெயர், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்), கம்பெனி, எதில் தோற்றது என்பது வரை இருக்கும். 2024 செப்டம்பரில் வந்த பட்டியலில் பாராசிட்டமால், கால்சியம், பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று நாம் தினம் போடுகிற ஐம்பதுக்கும் மேற்பட்ட மருந்துகள் இருந்தன, பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. சில கம்பெனிகள் அந்த பேட்ச் எங்களுடையதே இல்லை, போலி என்றன. அதுவும் பயமுறுத்தும் பதில்தான். பல மாத்திரைகள் தோற்பது 'கரைதல்' சோதனையில், அதாவது மாத்திரை குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட அளவு கரைந்து மருந்தை வெளியே விடவில்லை. போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்று டாக்டரிடம் போனால் அவர் டோஸை ஏற்றுவார். கோளாறு டோஸிலா, மாத்திரையிலா என்று யார் சொல்வது?

என் கேள்வி ரொம்ப எளிது. ஒரு அரசு அலுவலகத்தில் மருந்துப் பெயரும் விலையும் இருக்கிறது. இன்னொரு அரசு அலுவலகத்தில் மருந்துப் பெயரும் தோற்ற பேட்ச் எண்ணும் இருக்கிறது. பிராண்டைத் தேடும்போது 'இந்த மருந்தின் இந்த பேட்ச் போன மாதம் சோதனையில் தோற்றது' என்று ஒரு வரி ஆப்பில் வந்தால் எப்படி இருக்கும்? இன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வேறொரு இணையதளத்துக்குப் போய்ப் பட்டியலை இறக்கி, எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும் எழுத்தில் பேட்ச் எண்ணைத் தேட வேண்டும். விலை நிர்ணய ஆணையம் இருப்பது ரசாயனம் மற்றும் உரத் துறை அமைச்சகத்தின் கீழ், தரக் கட்டுப்பாடு இருப்பது சுகாதார அமைச்சகத்தின் கீழ். நோயாளிக்கு இரண்டும் ஒரே மாத்திரைதான். 2023 ஆகஸ்டிலிருந்து 300 முன்னணி பிராண்டுகளின் அட்டையில் க்யூஆர் கோடு கட்டாயம் ஆக்கினார்கள், ஸ்கேன் செய்தால் கம்பெனி, பேட்ச், காலாவதி எல்லாம் வரும். நல்ல விஷயம். அதிலும் அந்த பேட்ச் சோதனையில் தேறியதா என்பது கிடையாது.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் குழந்தைகள் ஒவ்வொன்றாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த இருமல் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அந்த பாட்டிலை யாராவது விலை பார்க்கும் ஆப்பில் போட்டுப் பார்த்திருந்தால் விலை சரியாகத்தான் இருந்திருக்கும்.

தரத்தை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம்: "ஜி.எச். மாத்திரைல வீரியம் இல்ல" என்று எங்கள் தெருவில் பாதிப்பேர் சொல்வார்கள். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அடித்த அட்டையைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனியிடமிருந்து வாங்கும் மருந்தில் பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, யார் செய்தது என்று தெரியாதபடி கோடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு விடுகிறது. மெடிக்கலில் நாம் காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு அப்படி ஒவ்வொரு பேட்சுக்கும் வெளிச் சோதனை கிடையாது, கம்பெனியின் சொந்தச் சோதனை, அப்புறம் இன்ஸ்பெக்டர் எப்போதாவது எடுக்கும் மாதிரி, அவ்வளவுதான். ஓசியில் கிடைப்பது மட்டம், காசு கொடுத்தால் தரம் என்கிற நம் நினைப்பை உடைக்க இந்த ஒரு தகவல் போதும், ஆனால் அது எந்த ஆப்பிலும் வராது. கழகம் டெண்டரில் வாங்கும் விலையையும் தன் இணையதளத்தில் போடுகிறது. மனசு உடைய வேண்டும் என்று ஆசையிருந்தால் அதை உங்கள் அட்டையின் எம்.ஆர்.பி.யோடு வைத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் படுத்துவிட்டால் இந்த ஆப் எவ்வளவு உதவும்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. போன வருடம் எங்கள் மாமாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். டிஸ்சார்ஜ் பில்லில் 'பார்மசி' என்று ஒரே வரி, பக்கத்தில் ஐந்து இலக்கத் தொகை. பிரேக்-அப் கேட்டால் "சிஸ்டம்ல எடுக்க நேரமாகும் சார், இன்சூரன்ஸ்தானே" என்றார்கள். அத்தை விடவில்லை, கவுண்டர் முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் வந்த தாளில் கையுறை, ஊசி, டிரிப் செட், கேனுலா என்று வரிசை வரிசையாக நீண்டுகொண்டே போனது. மருந்தைவிட இவைதான் அதிகம். இதில் ஒன்றையும் நாம் வெளியில் வாங்கியிருக்க முடியாது, நர்ஸ் எடுத்துப் பிரிக்கும்போது ஆப்பைத் திறந்து விலை பார்க்கிறவர் யார்? இதே விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் டெல்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை ஆராய்ந்து ஒரு அறிக்கை விட்டது. மருத்துவமனை வாங்கும் விலைக்கும் நோயாளியிடம் வாங்கும் விலைக்கும் நடுவில் 1,737 சதவீதம் வரை லாபம் பார்த்ததாக அதில் இருந்தது. எம்.ஆர்.பி.யைத் தாண்ட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. எம்.ஆர்.பி.யே அப்படி அச்சடித்து வந்தது. எம்.ஆர்.பி.க்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஆப்பால் இந்த இடத்தில் என்ன செய்ய முடியும்?

ஒரே ஒரு இடத்தில் உள்நோயாளிக்கும் வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்று ஆணையத்தின் கையில் இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இதய ஸ்டென்ட்டுக்கும் முட்டி மாற்று உபகரணத்துக்கும் 2017-ல் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அந்த வருடம் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதா உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260, வழக்கமான கோபால்ட் குரோமியம் முட்டிக்கு 54,720 என்று வைத்தார்கள், வரி தனி. அதற்குப் பிறகு மாறியிருக்கிறது, இப்போதைய எண்ணை ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டென்ட் வைத்தால் பில்லில் அதைத் தனி வரியில், பிராண்ட், கம்பெனி, பேட்ச் எண்ணோடு போட வேண்டும் என்பதும் உத்தரவு. கேட்டு வாங்குங்கள். ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜ், அறை வாடகை, டாக்டர் ஃபீஸ் இதற்கெல்லாம் இந்த ஆணையத்திடம் உச்சவரம்பு கிடையாது, ஸ்டென்ட்டில் விட்டதை எங்கே பிடிக்கலாம் என்பது ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியாதா என்ன.

மலிவு மட்டும்தான் வேண்டும் என்றால் இதைவிட மத்திய அரசின் 'ஜன் அவுஷதி சுகம்' ஆப் நேரடியானது. பக்கத்தில் எந்த மக்கள் மருந்தகம் இருக்கிறது என்று மேப்பில் காட்டும், அங்கே என்ன விலை, பிராண்ட் விலை என்ன, எவ்வளவு மிச்சம் என்று ஒரே திரையில் வரும். அவர்களே சொல்லும் கணக்கில் 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு. 2025 பிப்ரவரி 24-ல் மாநில அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்ததும் ஊரில் நல்ல போட்டி. குறை ஒன்றுதான், நாம் கேட்கும் கூட்டு மாத்திரை அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் சொல்லி இரண்டு தனி மாத்திரையாக எழுதி வாங்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. எங்கள் டாக்டர் முகம் சுளிக்காமல் மாற்றி எழுதினார். "பிரஷரை மட்டும் ரெண்டு வாரம் எழுதி வச்சுக் கொண்டாங்கம்மா" என்றார். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தாள். ஏறவில்லை.

இதற்கு நடுவில் சஹி தாம் ஆப்பை நான் எதற்கு வைத்திருக்கிறேன் என்றால், மூன்று சமயத்தில்தான் திறக்கிறேன். புதுச் சீட்டு வந்ததும் கூட்டுப்பொருள் என்ன, பழைய மாத்திரையோடு சேர்ந்து ஒரே மருந்து இரட்டிப்பாகிறதா என்று பார்க்க. இரண்டு டாக்டர் இரண்டு பிராண்ட் பெயரில் ஒரே மருந்தை எழுதுவது நடக்காத விஷயம் இல்லை. அடுத்து, பழக்கமில்லாத கடையில் விலை இடிக்கும்போது. அப்புறம் டாக்டரிடம் "இதுக்குப் பதிலா இது எழுதலாமா சார்" என்று கேட்பதற்கு முன்னால். கேட்கும் தொனியில்தான் எல்லாம் இருக்கிறது, போனை முகத்துக்கு நேரே நீட்டினால் எந்த டாக்டருக்கும் சுருக்கென்றிருக்கும்.

அதிக விலை வாங்கினால் ஆப்பிலிருந்தே புகார் கொடுக்கலாம், 1800 111 255 என்கிற இலவச எண்ணும் இருக்கிறது. பில் வேண்டும், பேட்ச் எண் தெரிய வேண்டும், அதனால் மாத்திரை தீர்ந்தாலும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண்ணும் விலையும் அச்சடித்த முனையில் இருக்கும் மாத்திரையைக் கடைசியில் பிரிக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

மதிப்பெண்: 5-க்கு 3. தமிழ் வந்தால் அரை கூட்டுவேன். தோற்ற பேட்ச் பட்டியலை இதோடு சேர்த்தால் மீதி ஒன்றரையும் தந்துவிடுகிறேன்.